வந்த காயமும் வரவழைத்த காயமும்

1. முதல் கட்டு

கேஷுவாலிட்டியில் என் முதல் நாள், முதல் கேஸ். நோயாளியின் கையோடு என் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

அவர் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வெடி போடப் போனவர். பீடி நெருப்பால் திரியைக் கொளுத்திவிட்டு, 'இப்ப எறியலாம், கொஞ்சம் கழிச்சு எறியலாம்' என்று கையில் பிடித்தபடி நின்றிருக்கிறார். வெடி அவருக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளங்கை கிழிந்து வந்தார். டாக்டர் தையல் போட்டு முடித்து, "பிரதர், டிரெஸ்ஸிங் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஆண் நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் பிரதர் என்றுதான் பேர். ஜெபசிங் என்று எனக்கு ஒரு நல்ல பேர் இருப்பது என் மனைவிக்கே மறந்துவிட்டது.

ரோலர் பேண்டேஜை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. பதற்றம் என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம், ஆனால் போதாது. பதற்றம் மனசோடு நின்றுவிடும். வெப்ராளம் கைகாலுக்கு இறங்கும். எனக்கு அன்று அது விரல்நுனி வரை இறங்கிவிட்டது. சுற்றினேன், சுற்றினேன், பிளாஸ்டர் ஒட்டினேன், கம்பீரமாக நிமிர்ந்து நகர்ந்தேன். அவரும் கூடவே எழுந்து வருகிறார்.

"பிரதரே, எனக்க கைய கட்டியாச்சு, சந்தோஷம். ஒமக்க வெரல எதுக்கு எனக்குத் தாரீரு?"

அப்போது கத்தரிக்கோலோடு வந்தவர்தான் லில்லிபாய் சிஸ்டர், கேஷுவாலிட்டி இன்சார்ஜ். கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் மக்கா, நீயும் வெடி போட்டியா?"

என்னை வெட்டி விடுவித்துவிட்டு வெடிக்காரர் பக்கம் திரும்பி ஏச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

2. மூன்று தலைப்புகள்

நான் வேலை பார்ப்பது தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி. புதிதாகக் கேஷுவாலிட்டிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு கேஷுவாலிட்டிக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வழக்கம் இருக்கும். எங்களுடையது ஒரு கேள்வி. காயத்தோடு யார் உள்ளே வந்தாலும் லில்லிபாய் சிஸ்டர் கேட்பார்:

"வந்ததா, வரவழைச்சதா?"

பஸ் ஸ்டாப்பில் நின்றவரை ஆட்டோ இடித்தால் அது வந்தது. படுத்துக் கிடந்த நாயை மிதித்து நாய் கடித்தால், கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்தது. அதே நாயின் வாலைப் பிடித்து இழுத்திருந்தால் வரவழைச்சது. தேங்காய் தலையில் விழுந்தால் வந்தது. ரெண்டு பெக் போட்டுவிட்டுத் தேங்காய் பறிக்கத் தானே ஏறினால் வரவழைச்சது, அதிலும் முதல் தரம்.

தப்பாக நினைத்துவிடக் கூடாது. மருந்திலோ தையலிலோ வலிக்கான ஊசியிலோ சிஸ்டர் ஒரு துளி குறைத்ததில்லை. வரவழைத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பிரசங்கம் கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் சபைகளில் பிரசங்கம் என்றால் மூன்று தலைப்பு இருந்தே ஆக வேண்டும். சிஸ்டருக்கும் மூன்று உண்டு. முதல் தலைப்பு: "ஒன்னப் பெத்தவளுக்க கதி என்னாவும்னு நெனச்சியா?" இரண்டாம் தலைப்பு: "ஒரு தப்பும் செய்யாத ஒருத்தனுக்கு வச்சிருந்த கட்டில்லயாக்கும் நீ படுத்துக் கெடக்க." மூன்றாம் தலைப்பு டிடி ஊசி. அதற்கு வார்த்தை கிடையாது.

அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. ரோட்டில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி வித்தை காட்டிய ஒருவனும், அவன் இடித்த அம்மாவும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கின நாள் ஒன்று உண்டு. அந்த அம்மா தோவாளைச் சந்தையில் பூ வாங்கிக் கட்டி விற்பவர். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சேலை மடிப்பிலிருந்து பிச்சிப்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு. அவன் "அம்மா, அம்மா" என்று வலியில் கத்தினபோது, அந்த அம்மா தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "என்ன மக்கா?" என்று கேட்டார்.

அன்று டீ குடிக்கும்போது சிஸ்டர் என்னிடம் கேட்டார்: "பிரதரு, அவனுக்கு நான் எதுக்கு எரக்கப்படணும்? ஒரு காரணம் சொல்லும்."

நான் ரெண்டு டீ கிளாஸையும் எடுத்துக் கழுவப் போனேன்.

3. பசுக்கள்

காரணம் கிடைக்கவில்லை, ஆனால் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நோயாளிகளை வேறு மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது பசுக்கள்.

"எப்படி விழுந்தீங்க?"

"பசு குறுக்க சாடிட்டு பிரதரே."

பைக்கில் விழுந்து வருகிற ஆள் எல்லாருக்கும் பசு குறுக்கே பாய்ந்திருக்கும். சாராய வாசனை ஆளுக்கு முன்னால் வரும், பின்னால் ஆள், ஆளுக்கும் பின்னால் அந்தப் பசு. வருகிற எல்லாப் பசுவும் உண்மை என்றால் இந்த மாவட்டத்தில் மனிதனுக்கு நிற்க இடம் இருக்காது. குளச்சலில் மீன் ஏலம் எடுத்துவிட்டு வந்த ஒருவர் தன் பசுவை ஹார்பருக்குள்ளேயே பார்த்திருக்கிறார். "அது அங்க என்ன வாங்க வந்துது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிஸ்டர் நிற்கிற பக்கத்தையே பார்த்தார்.

அடுத்து கவனித்தது எங்களை. மேல் மாடி வார்டில் ஒரு பெரியவர், சபையில் முக்கியஸ்தர், சுகருக்கு அட்மிட் ஆகியிருந்தார். கால் புண் ஆறவில்லை. தலையணைக்கு அடியில் அல்வா. பல வருஷமாக டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் தின்கிறார். அவரிடம் போய் யாரும் 'வரவழைச்சதா' என்று கேட்கவில்லை. "அய்யாவுக்கு வலிக்குதா?" என்று கேட்டோம். லில்லிபாய் சிஸ்டர் அவருக்காக ஜெபம்கூட பண்ணினார்.

யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதன் தன்னை மெதுவாகக் கெடுத்துக்கொண்டால் அது வியாதி. ஒரு நிமிஷத்தில் கெடுத்துக்கொண்டால் அது திமிர். இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். "பெரிய கண்டுபிடுத்தம்! போயி யூரின் பேகை மாத்தும்" என்றார்.

4. பாத்ரூமில் ஏது மணல்?

ஒரு மழைக்காலச் சாயங்காலம். அஜின் வந்தான். இருபத்துநாலு வயசு இருக்கும், நல்ல உயரம், வெல்டிங் வேலை. கூட அவன் கூட்டுக்காரன் விபின். அஜின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, தானே இறங்கி, தானே நடந்து உள்ளே வந்தான். உச்சந்தலையில் ஒரு கிழிசல். தலையெல்லாம் ஈரம். ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தான், பல்வலிக்காரன் மாதிரி.

சிஸ்டருக்கு அவனைத் தெரியும். அவன் அம்மாவும் இவரும் ஒரே சபை, ஒரே பெண்கள் ஐக்கிய சங்கம்.

"ஏலே அஜினு! என்னலே இது? வந்ததா, வரவழைச்சதா?"

"வந்தது ஆன்ட்டி. பாத்ரூம்ல வழுக்கிட்டு." சொல்லும்போது விபின் சுவரில் இருந்த கை கழுவும் முறை போஸ்டரை ரொம்ப ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"பாவம் பிள்ள" என்று சிஸ்டர் அவன் முதுகைத் தடவினார். "அந்த டைல்ஸு வேண்டாம், வேண்டாம்னு ஒனக்க அம்மைக்கிட்ட அன்னைக்கே சொன்னேன். பிரதரு, தலைய கழுவி ரெடியாக்கும். டாக்டர் அந்தக் கேஸ முடிச்சிட்டு வந்து தையல் போடுவாவ."

டாக்டர் நிஷா திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் மூக்கிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். புளியங்கொட்டை. அந்தக் குழந்தையிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தது.

தலை கழுவ எங்களுக்கு ஒரு முறை உண்டு. நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தொட்டி விளிம்பில் வைப்போம். சலூனில் ஷாம்பு போடுவது மாதிரி. கையுறை போட்டேன். முடியை விலக்கினேன். விரலில் நறநறவென்று ஏதோ பட்டது. மணல். இன்னும் கொஞ்சம் விலக்கினேன். பச்சையாக ஒரு இழை. பாசி.

பாத்ரூமில் டைல்ஸ் இருக்கலாம், சோப் இருக்கலாம். மணலும் பாசியும் இருக்கிற பாத்ரூமை நான் பார்த்ததில்லை. எனக்கு மெல்ல வெப்ராளம் கிளம்பியது. அது கிளம்பினால் என் வாய் தானாக ஓட ஆரம்பிக்கும். நிறுத்துகிற சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இத்தனை வயசாகியும் எனக்குத் தெரியாது.

"மக்கா, போன கிறிஸ்மஸுக்கு நான் வீட்டுல ஸ்டார் கட்டினேன் கேட்டியா? மேசை மேல நாற்காலி, நாற்காலி மேல அரிசி டப்பா, டப்பா மேல நான். ஏணி பக்கத்து வீட்டுலதான் இருக்கு. கேட்டா தருவாவ. கேக்கல. எனக்க பெண்டாட்டி, 'இறங்குங்க'ன்னா. 'எனக்குத் தெரியும்'னேன். டப்பா மூடி உள்ள போச்சு. நான் அப்படியே கிறிஸ்மஸ் குடில்ல இருந்த மாட்டுத்தொழுத்துக்கு மேல..."

அஜின் சிரித்துவிட்டான். சிரித்தவன் சட்டென்று நிறுத்தி முகத்தைச் சுளித்தான்.

"அண்ணா, சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா ரெண்டு கையிலயும் கரண்டு அடிக்கு."

என் கை அவன் நெற்றியில் இருந்தது. பின்னுக்குச் சாய்க்கத் தொடங்குகிற இடத்தில்.

"எங்க அடிக்கு?"

"கழுத்துலேர்ந்து வெரலு வரைக்கும்."

கழுத்தெலும்பு உடைந்திருந்தால்தான் அப்படி அடிக்கும். அடுத்து நான் போட்ட சத்தம் இரணியல் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். "அசையாதே!" என்றேன். கேஷுவாலிட்டி முழுக்க அசையாமல் நின்றது. தரை துடைத்த அக்கா துடைப்பத்தோடு நின்றார். டாக்டர் இடுக்கியோடு நின்றார். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த தாத்தா இருமலைப் பாதியில் விழுங்கினார். அஜின் மட்டும் பயந்து திரும்பப் பார்த்தான். ரெண்டு கையாலும் அவன் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்குத்தாம்லே சொன்னது! மத்தவிய அசைஞ்சுக்கோங்க!"

டாக்டர் ஓடி வந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "தலையை விடாதீங்க பிரதர். அப்படியே பிடிங்க. கழுத்துக் காலர் எங்க?"

"அலமாரியில."

"சாவி?"

வெப்ராளத்தின் கொடுமை இதுதான். எது நடக்கக் கூடாதோ அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கும். சாவி என் பேன்ட் பாக்கெட்டில். என் ரெண்டு கையும் அஜின் தலையில். விட்டால் அவன் கழுத்து என்னாகும் என்று தெரியாது.

"சிஸ்டர்... எனக்க பாக்கெட்டுல..."

லில்லிபாய் சிஸ்டர் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். "ஆண்டவரே" என்று கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். முதலில் வந்தது பைக் சாவி. அடுத்து ரெண்டு மிட்டாய்த் தாள். அப்புறம், நான் பாதி கடித்து வைத்திருந்த நெல்லிக்காய்.

"இது என்னத்த பிரதரே?"

"வாய் கசந்தா திங்கலாம்னு..."

"சிரிக்காதலே!" என்று அஜினைப் பார்த்து மறுபடி கத்தினேன். அவன் தலை என் கைக்குள் குலுங்கப் பார்த்தது. அவன் கண்ணில் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக நின்றன. "அண்ணா, எனக்குக் கை மரத்துட்டு வருது" என்றான். அதோடு சிரிப்பு நின்றது.

சாவி கிடைத்தது. காலர் வந்தது. டாக்டர் குனிந்து அவன் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "அஜின், உண்மையா எப்படி அடிபட்டுச்சு?"

விபின்தான் போஸ்டரை விட்டுத் திரும்பினான். "சானல் பாலத்துலேர்ந்து குதிச்சான் டாக்டர். தலைகீழா. நான் செல்லுல ரீல்ஸ் எடுத்துட்டு நின்னேன். கால்வாயில தண்ணி இடுப்புக்குக்கூட இல்ல."

"பின்ன எதுக்குலே பாத்ரூம்னு சொன்ன?" என்றார் சிஸ்டர். குரல் முதல் தலைப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அஜின் காலருக்குள்ளிருந்து மேல்கூரையைப் பார்த்துச் சொன்னான்: "ஒங்கள பயந்துதான் ஆன்ட்டி. நீங்க எல்லாரு முன்னாலயும் ஏசுவீங்க. பொறவு அம்மைக்கிட்டயும் சொல்லுவீங்க."

சிஸ்டரின் வாய் திறந்தபடி இருந்தது. பிரசங்கம் வெளியே வருகிற வழியில் நின்றுவிட்டது. வழி கேட்கிற குரலில், அவ்வளவு சாதாரணமாக, "எது மொதல்ல தட்டிச்சு மக்கா? நெத்தியா, உச்சியா?" என்று கேட்டார்.

"உச்சி."

"கால அசை பாப்போம்."

அசைத்தான். அவன் கால் பெருவிரல் அசைந்ததை நான் பார்த்த மாதிரி என் பிள்ளை முதல் அடி வைத்ததைக்கூடப் பார்த்ததில்லை.

கழுத்தும் முதுகும் ஒரே கட்டை மாதிரி அசையாமல், எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் அவனைப் பலகைக்கு மாற்றினோம். ஸ்கேனில் கழுத்தெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. தண்டுவடம் நூலிழையில் தப்பியிருந்தது. ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் கிளம்பும் வரைக்கும் சிஸ்டர் அவன் கையைப் பிடித்திருந்தார். கிளம்பின பிறகு நான் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். தரை துடைக்கிற அக்கா வந்து, "பிரதரே, இஞ்ச துடைக்கணும், கொஞ்சம் அசைஞ்சுக்கோங்க" என்றார்.

5. எப்படி, ஏன்

கொஞ்ச நேரம் முன்னால் பாவப்பட்டு முதுகைத் தடவி, தலை கழுவுகிற ஸ்டூலுக்கு அனுப்பினோமே, அது வந்த காயம் என்று நம்பித்தான். பாலத்திலிருந்து குதித்து வரவழைத்த காயம் என்று தெரிந்திருந்தால் திட்டியிருப்போம், ஆனால் கழுத்தைத் தொட்டிருக்க மாட்டோம். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நாங்கள் இரக்கத்தைத் தரம் பிரித்துக் கொடுத்தோம். அவர்கள் நல்ல தரம் கிடைக்கிற மாதிரிக் கதையைச் சொன்னார்கள். நடுவில் கழுத்து ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

தம்பி தங்கைகளே, நான் கற்ற பாடம் சின்னதுதான். 'எப்படி' என்று கேளுங்கள், உடனே கேளுங்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேளுங்கள். 'ஏன்' என்பது அவசரக் கேள்வி இல்லை. வரவழைத்துக்கொண்டு வருகிறவன் இரக்கத்துக்குத் தகுதியா என்று எனக்கு இன்னும் தெரியாது. பூ விற்கிற அம்மாவின் இடுப்பெலும்பை நினைத்தால் இன்னும் பதில் தடுமாறுகிறது. ஆனால் தகுதி பார்க்கிறவனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. உண்மை வராத இடத்தில் வைத்தியமும் கிடையாது. இது எனக்குத் தெரியும்.

சிஸ்டர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. ஒருநாள் ஒருவர் வந்து "பசு..." என்று ஆரம்பித்ததும், "பசு போவட்டும். ஹெல்மெட் இருந்துதா, தலை எங்க தட்டிச்சு?" என்றார். வந்தவர் எல்லாவற்றையும் சொன்னார். குடித்த கடையின் பேர் உட்பட.

அஜின் சில மாதம் கழித்து வந்தான். ஆபரேஷன் நன்றாக முடிந்து, காலர் கழற்றி, நடந்து வந்தான். ரெண்டு விரலில் மட்டும் இன்னும் மரப்பு இருக்கிறது என்றான். சிஸ்டர் அவனை உட்கார வைத்து, "எடப்பக்கம் திரும்பு. மெல்ல. மெல்லலே! இனி வலப்பக்கம்" என்றார். அவன் திரும்பும்போதெல்லாம் என் கை தானாக அவன் தலைக்குப் போனது.

"ஏன் மக்கா குதிச்ச?" என்று கேட்டேன். குத்திக்காட்ட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

"சின்னதுலேர்ந்து எல்லாரும் அங்கதாண்ணா குதிப்போம். மழைன்னு சானல்ல தண்ணிய அடைச்சது எங்களுக்குத் தெரியாது. தண்ணி கலங்கிக் கெடந்துது. மேல நின்னு பாத்தா எப்பவும் போலத்தான் இருந்துது."

அவன் போன பிறகு சிஸ்டர் தையல் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கினதையே எடுத்து மறுபடி அடுக்கினார்.

"பிரதரு, அந்தப் பாலம் நம்ம ஆலமூட்டுக்கிட்ட இருக்கதுதானே?"

"அதேதான்."

"நானும் அதுல குதிச்சிருக்கேன்."

"நீங்களா?"

"பள்ளிக்கூடத்துல படிக்கையில. எனக்க அண்ணன்மாரு குதிச்சாவ, 'நீ பொட்டப்பிள்ள, குதிக்க மாட்ட'ன்னாவ. தலைகீழாத்தான் குதிச்சேன்."

"பொறவு?"

"பொறவு என்ன? நீந்திக் கரையேறி, பாவாடையப் பிழிஞ்சு உடுத்திட்டு வீட்டுக்குப் போனேன்." தட்டின் மேல் துணியை இழுத்து மூடினார். "அன்னைக்குத் தண்ணி கெடந்துது, அவ்வளவுதான்."